இரண்டு ஆள் லோங்காங்

மலாக்கா பண்டார் ஹிலிர் திடலில் பெரிய கூட்டம் கூட்டி, சுதந்திரம் வரப்போகிறது என்று சொன்னார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று பேரப்பிள்ளைகள் இப்போது என்னைக் கேட்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்கே போனது மறுநாள் காலையில், விளக்குமாற்றோடு. கடலைத் தோலும் கரும்புச் சக்கையும் கிடந்தன. சோடி இல்லாத செருப்புகள் மட்டும் ஒரு கூடை சேர்ந்தது.

"வரப்போகுதுன்னு சொன்னதுக்கே இவ்வளவு குப்பைன்னா, வந்துட்டா நாம செத்தோம்க்கா" என்றேன்.

பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்த அக்கா சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கி, விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டாள். அவள் நிமிர்கிற வரைக்கும் அவள் பங்கையும் சேர்த்து நான் கூட்டினேன். எங்களை வேலை வாங்குகிற மண்டோர் அந்தப் பக்கம் திரும்பி மரத்தில் இருந்த காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனுசன். எங்களைப் பார்க்கக் கூடாத நேரத்தில் எல்லாம் அவருக்குக் காக்காய் தெரியும்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. வேலையில் என் சோடி. நாங்கள் மலாக்கா டவுனைக் கூட்டுகிற அரசாங்கக் கூலிகள். காஜா பெராங்கில் ரோட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு லயம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பலகைச் சுவர், தகரக் கூரை, வரிசையாகப் பத்து அறை, நடுவில் ஒரு குழாய். ஆபீஸ் புத்தகத்தில் பேர் இருந்தால் அறை உண்டு. பேர் போனால் அறையும் போகும்.

எங்கள் வேலையில் பெரிய வேலை லோங்காங் கழுவுவது. ரோட்டோரச் சாக்கடைக்கு இங்கே அதுதான் பேர். அதற்கு எப்போதும் இரண்டு ஆள். முன்னால் போகிறவள் நீளக் காம்பு போட்ட மண்வெட்டியால் சேற்றை வழித்துக் கரையில் போடுவாள். பின்னால் வருகிறவள் வாளியில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கூட்டிக்கொண்டே வருவாள். ஒருத்திக்கு முடியாத நாளில் மற்றவள் இரண்டையும் செய்வாள். காலையில் பெரட்டில் பேர் கூப்பிடும்போது இரண்டு பேருக்கும் 'இருக்கேன்' என்று குரல் கொடுத்துவிடுவாள். அதைக் களவு என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. எனக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தபோதும் என் மண்வெட்டியை அக்காதான் தூக்கினாள். மூன்றாவது பிறந்தபோது, "அடுத்ததை நீயே வழிச்சிக்க, எனக்கு இடுப்பு போச்சு" என்று வாசலில் நின்று கத்தினாள்.

பிறகு அவள் நெஞ்சு கெட்டுப்போனது. பத்து அடி நடந்தால் விசில் ஊதுகிற மாதிரி சத்தம் வரும். என் முறை வந்தது. இரண்டு வருசமாக எங்கள் லோங்காங்கை நான்தான் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு கூட வருவாள். அவ்வளவுதான்.

செங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவளுடைய அண்ணன் மகள் பால் மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தாள். அத்தை இங்கே வந்துவிடு, ஒரு வாய்க் கஞ்சி ஊற்ற மாட்டோமா என்று பல தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். அக்கா போகவில்லை. காரணம் லயத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அவள் புருசன் இதே ஆபீசில் மாட்டு வண்டி ஓட்டினார். நாங்கள் கரையில் போட்ட சேற்றை அள்ளுகிற வண்டி. சப்பான்காரன் காலத்தில் ஒரு நாள், பாசார் பக்கம் வண்டியோடு போனவரை அப்படியே இறக்கி லோரியில் ஏற்றினார்கள், சயாமில் ரயில் பாதை போட. வண்டியை நடு ரோட்டில் விட்டுவிட்டார்கள். சாயங்காலம் மாடு மட்டும் வண்டியை இழுத்துக்கொண்டு தானாக லயத்துக்கு வந்து, அக்கா வாசலில் நின்றது.

சயாமுக்குப் போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். சிலருக்குச் சாவுச் சேதி வந்தது. அக்காவின் புருசனுக்கு எதுவும் வரவில்லை. ஆளும் இல்லை, சேதியும் இல்லை. அவள் பொட்டை அழிக்கவில்லை.

"மாடே வழி தெரிஞ்சு வந்துச்சு. அவரு வராமலா போவாரு?" என்பாள். "அவருக்குத் தெரிஞ்ச வாசல் இது ஒண்ணுதாண்டி. நான் செங்குக்குப் போயி உக்காந்துட்டா, மனுசன் இங்க வந்து யாரைத் தேடுவாரு?"

நானும் கேலி பேசுவேன். "வந்தா உங்கள அடையாளம் தெரியுமாக்கா? போகும்போது கொடி மாதிரி இருந்தீங்க, இப்ப கொடிக்கம்பம் மாதிரி ஆயிட்டீங்க." விளக்குமாற்றால் என் காலில் ஒன்று போடுவாள்.

ஆக, அவளுக்கு வேலை என்பது கூலி மட்டும் இல்லை. அந்த வாசல்.

துரை கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே எங்கள் ஆபீசுக்குச் சிக்கனம் வந்துவிட்டது. மண்டோர் பெரட்டில் எங்களை நிற்க வைத்துச் சொன்னார்: "இனிமே நம்ம கவர்மெண்டு வரப்போகுது. நம்ம காசு. பாத்துப் பாத்துச் செலவு செய்யணும்."

"இதுவரைக்கும் என்ன மண்டோர், நாம பாக்காமலா வாரி இறைச்சோம்?" என்றேன்.

"உன் வாயைக் கொறைச்சா பாதி மிச்சம்" என்றார்.

முதலில் விளக்குமாறு. முன்பெல்லாம் மாதம் ஒரு தடவை புதுசு கொடுப்பார்கள். இப்போது பழசைக் கொண்டுபோய் கணக்கு எழுதுகிற ஆபீஸ் கிராணியிடம் காட்ட வேண்டும். அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற அடிக்கோலால் அதை அளப்பார். ஒரு சாணுக்கு மேல் ஈர்க்குச்சி இருந்தால் புதுசு கிடையாது. தேய்ந்த விளக்குமாற்றால் கூட்டினால் இடுப்பு ஒடியும். அதனால் நாங்கள் மத்தியானத்தில் குழாயடிச் சிமெண்டில் வரிசையாக உட்கார்ந்து விளக்குமாறுகளைத் தேய்ப்போம், மாவரைக்கிற மாதிரி, கதை பேசிக்கொண்டு. சிக்கனம் வந்த பிறகு ஆபீசில் விளக்குமாறு முன்னைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. கிராணிக்குக் கடைசிவரை காரணம் புரியவில்லை. யோசனை யாருடையது என்று இப்போது சொன்னால் என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. என்னுடையதுதான்.

பிறகு குழாய்க்குப் பூட்டு. பிறகு லயத்துக்கு வருசா வருசம் தீபாவளிக்கு முன்னால் அடிக்கிற சுண்ணாம்பை நிறுத்தினார்கள். அப்போது அதற்கும் சிரித்தோம். சுவர் கறுத்தால் என்ன, நாங்களும் கறுப்புதானே, பொருத்தமாக இருக்கும் என்றேன்.

ஒரு நாள் மண்டோர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பெரட்டுக்கு வந்தார். "கோலாலம்பூர்ல இருந்து ஒரு ஐயா வர்றாரு. எந்த வேலைக்கு எத்தன ஆளு, எவ்வளவு நேரம்னு பாக்கப் போறாரு. வெள்ளக்காரன் இல்ல. நம்ம தமிழ் ஆளு. படிச்சவரு."

அந்த ஒரு சொல் போதும், நம்ம ஆளு என்பது. லயமே கல்யாண வீடு மாதிரி ஆனது. இதுவரைக்கும் எங்களைப் பார்க்க வந்த பெரிய ஆட்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவர்கள். இவர் நம் வீட்டுப் பிள்ளை. நாம் எப்படி வேலை செய்கிறோம் என்று கண்ணால் பார்த்தால், மேலே போய்ச் சொல்லிக் கூலியை ஏற்றிக் கொடுப்பார் என்று பேசிக்கொண்டோம். யாரும் அப்படி எங்களிடம் சொல்லவில்லை. நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அக்கா மூச்சு வாங்குவதை அவர் பார்த்துவிடக் கூடாது. பார்த்தால், இந்த அம்மாவுக்கு முடியவில்லை என்று பேரை எடுத்துவிடுவார். அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்தேன்.

"அக்கா, நீங்க ஒண்ணும் செய்யாதீங்க. காலி வாளியத் தூக்கிக்கிட்டு எனக்கு முன்னால நடந்து போங்க. ராணி மாதிரி. மத்தத நான் பாத்துக்கிறேன்."

"அவரு கேட்டா?"

"கேக்க நேரம் இருந்தாத்தான கேப்பாரு? கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள முடிச்சிருவேன்."

அவர் வந்தார். ஒல்லியான ஆள், கண்ணாடி, இஸ்திரி போட்ட வெள்ளைக் கால்சட்டை. மூக்கைப் பொத்தவில்லை. எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பெண்கள் எல்லாருக்கும் கண் கலங்கிவிட்டது. தமிழ் கொஞ்சம் கல்லும் முள்ளுமாகத்தான் வந்தது, ஆனால் 'அம்மா' என்று கூப்பிட்டார். "பசியாறிட்டீங்களா ஐயா?" என்று கேட்டு, ஒருத்தி பூப்போட்ட குவளையில் தேத்தண்ணி கொடுத்தாள். குடித்துவிட்டுக் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் ஆரம்பித்தேன். அன்றைக்குக் கழுவின மாதிரி நான் அதற்கு முன்னும் கழுவினதில்லை, பின்னும் கழுவினதில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வழிப்பதும் ஊற்றுவதும் தேய்ப்பதுமாகப் பேய் பிடித்தவள் மாதிரி போனேன். செட்டித் தெரு முனையில் கெபாயாச் சட்டை போட்ட பாட்டி ஒருத்தி எட்டிப் பார்த்து, "இன்னைக்கி யாருக்குக் கல்யாணம், லோங்காங்குக்கா?" என்று மலாயில் கேட்டாள். பல தலைமுறையாக இங்கேயே இருக்கிற அந்தத் தெருச் செட்டிகள் கோயிலில் நம்மோடு சேர்ந்து கும்பிடுவார்கள், பேச்சு மட்டும் மலாய். பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. எனக்கு முன்னால் அக்கா காலி வாளியோடு நடந்துபோனாள். சொன்ன மாதிரியே ராணி நடை. மெதுவாக நடந்ததால் அவளுக்கு இரைக்கவில்லை. என் ஏற்பாடு நன்றாக வேலை செய்தது.

மற்ற மூன்று சோடிகளும் சும்மா இல்லை. எனக்குச் சளைத்தவளா என்று ஆளாளுக்கு ஓடினார்கள். மத்தியானம் வரைக்கும் ஆகிற வேலை, வெயில் ஏறுவதற்கு முன்னால் முடிந்துவிட்டது.

ஐயா கடிகாரத்தைப் பார்த்தார், லோங்காங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா அம்மா?"

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "இதெல்லாம் ஒரு வேலையாங்க ஐயா? ஒத்த ஆளா இந்த ரோட்டையே கழுவிருவேன். இவங்க எல்லாம் பேச்சுத் தொணைக்குத்தான் வர்றாங்க" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். மண்டோர் சிரித்தார். ஐயாவும் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவர் சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்து ஏதோ எழுதினார்.

சில வாரம் கழித்து மண்டோர் ஒரு காகிதத்தோடு வந்தார். அன்றைக்குப் பழைய சட்டை. லோங்காங் வேலை இனிமேல் ஒரு ஆள் வேலை என்று எழுதியிருந்தது. நாலு சோடியில் நாலு பேர் போதும். யாரை வைத்துக்கொள்வது என்பதை வேலை செய்ததைப் பார்த்துப் பேரோடு எழுதியிருந்தார்கள். என் பேர் இருந்தது. அக்கா பேர் இல்லை. பேர் இல்லாதவர்கள் மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்து கொடுக்க வேண்டும்.

அக்கா, "திரும்பப் படிங்க மண்டோர்" என்றாள். அவர் திரும்பப் படித்தார். காகிதம் மாறவில்லை.

ஐயா இன்னும் மலாக்காவில்தான் இருந்தார். இன்றைக்குப் பாசார், நாளைக்கு ஆஸ்பத்திரி என்று ஒவ்வொரு இடமாகக் கடிகாரத்தோடு போய்க்கொண்டிருந்தார். நான் வேலை முடிந்து, கால் கழுவி, வேறு சேலை கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். உள்ளே விட்டார்கள். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் கூட்டித் துடைத்த ஆபீஸ்தான் அது, ஆனால் அங்கே நாற்காலியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். நுனியில் உட்கார்ந்தேன்.

"ஐயா, அந்த லோங்காங் ரெண்டு ஆளு வேலைங்க."

"நீங்க ஒரு ஆளா செஞ்சீங்களே அம்மா. நான் பாத்தேன்."

"நீங்க வர்றீங்கன்னு அன்னைக்கி அப்படிச் செஞ்சேங்க. தெனமும் அப்படிச் செய்ய ஒடம்பு தாங்காதுங்க."

"அப்ப மத்த நாளெல்லாம் மெதுவா செய்றீங்களா?"

அவரே அடுத்து, "கூட வந்த அந்த அம்மா அன்னைக்கு ஏன் வேலை செய்யல?" என்று கேட்டார்.

அவள் தினமும் வேலை செய்வாள் என்றால் பொய். அவளுக்கு நெஞ்சு சரியில்லை, இரண்டு வருசமாக நான்தான் செய்கிறேன் என்றால் உண்மை. அந்த உண்மையைச் சொன்னால் அவள் பேர் இன்னும் சீக்கிரமாகப் போகும், பெரட்டில் இரண்டு பேருக்கும் குரல் கொடுத்த என் பேரும் மண்டோர் பேரும் சேர்ந்து போகும். எப்படிப் போனாலும் சுவர்.

கடைசியில் சொன்னேன்: "வீட்டுக்கு விருந்தாளி வந்தா, இருக்கிற கோழியெல்லாம் அடிச்சிக் கொழம்பு வைப்போம்ங்க ஐயா. அதைத் தின்னுட்டு, இவங்க தெனமும் கோழிதான் திங்கிறாங்க, ரேசன் அரிசியக் கொறைச்சிருவோம்னு யாராவது எழுதுவாங்களா?"

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் ரொம்பச் சின்ன வயசு. "அம்மா, ஒவ்வொரு ஆபீசுலயும் செலவைக் கொறைக்கணும்னு மேல இருந்து எனக்கு உத்தரவு. பள்ளிக்கூடம் கட்டணும், கம்பத்து ஊருக்கெல்லாம் தண்ணி கொண்டு போகணும். காசு எங்கயிருந்து வரும்? பெரிய மேசையில கை வைக்க எனக்கு அதிகாரம் குடுக்கல. நான் எங்க கை வைக்க முடியுமோ அங்கதான் வைக்க முடியும்."

"அந்த அறையாவது..."

"அறை வேற ஆபீஸ் அம்மா. அது என் கையில இல்ல." எழுந்து கதவு வரைக்கும் கூட வந்தார். "உங்க பேர் இருக்கு. அதைப் பத்திரமா வச்சுக்குங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

அதைக் கேட்டபோது எனக்குள் எங்கேயோ ஒரு மூலையில் நிம்மதியாக இருந்தது. அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

மாதக் கடைசியில் அக்காவின் அறையைப் பூட்டினார்கள். நான் அவளை எங்கள் அறைக்குள் கூட்டிக்கொண்டு வந்தேன். பழைய சேலையை நடுவில் கட்டி ஒரு பக்கம் அவளுக்கு. என் புருசன் குப்பை லோரியில் ஆள். அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே படுத்தார். லயத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று தலை எண்ண ஒரு மத்தியானம் கிராணி வந்தார். சேலைக்குப் பின்னால் இருமல் சத்தம்.

"யாரு அது?"

"என் மாமியாருங்க. ஊர்ல இருந்து வந்திருக்காங்க."

கிராணி புத்தகத்தைப் புரட்டினார். "உன் மாமியார் செத்துட்டாங்கன்னு போன வருசம் நீ லீவு எடுத்திருக்கியே."

சேலைக்குப் பின்னால் அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கிராணிக்கே சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்துவிட்டும் எழுதினார். மறுநாள் மண்டோர் வந்து, என்னைப் பார்க்காமல் எதிரே இருந்த மரத்தைப் பார்த்துச் சொன்னார்: "இன்னும் ஒரு வாரத்துக்கு மேல வச்சிருந்தா உன் அறையும் போயிரும். மூணு பிள்ளைங்க இருக்கு உனக்கு." அந்த மரத்தில் அன்றைக்குக் காக்காய் இல்லை.

நான் அக்காவைப் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளே தகரப் பெட்டியை இழுத்துத் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

போகிற அன்று காலையில் அடுப்புக்குள் கையை விட்டு ஒரு கரிக்கட்டையை எடுத்தாள். பூட்டிக் கிடந்த தன் பழைய அறை வாசலுக்குப் போனாள். எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது எழுத்துத் தெரியாது. அவள் புருசனுக்கும் தெரியாது. அதனால் கதவுக்குப் பக்கத்துப் பலகையில் ஒரு மாடு வரைந்தாள். வண்டியும் சக்கரமும் போட்டாள். நாலு கால், இரண்டு கொம்பு, ஒரு வால். மாட்டின் முகத்தை செங் ரோடு இருக்கிற பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"பாத்தா புரிஞ்சுக்குவாருல்ல? மாடு பாக்கிற பக்கம் போனா நான் இருப்பேன்னு?"

"மாடாக்கா இது? பூனை மாதிரி இருக்கு. மனுசன் மீன் வாங்கிக்கிட்டு வந்து நிக்கப் போறாரு" என்றேன்.

அவள் அழுவாள் என்று பயந்துதான் அப்படிச் சொன்னேன். அவள் சிரித்தாள், விசில் சத்தத்தோடு. அழுதது நான். "நான்தாங்க்கா, என் வாய்தான்" என்று ஆரம்பித்தேன். அவள் என் வாயைக் கரிக் கையால் பொத்தினாள். கன்னமெல்லாம் கரி. "மூஞ்சியக் கழுவு, வேலைக்கு நேரமாச்சு" என்றாள்.

நான் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏறும்போது என் தோளைப் பிடித்து இழுத்துக் காதுக்குள் சொன்னாள்: "இனிமே மெதுவாக் கூட்டுடி."

கோபத்தில் சொன்னாளா, கேலிக்குச் சொன்னாளா, என் இடுப்புக்காகச் சொன்னாளா என்று கேட்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

சுதந்திரம் வந்த மறுநாள், நான் முதலிலேயே சொன்ன மாதிரி குப்பைதான் குப்பை. லோங்காங் முழுக்கக் காகிதக் கொடி. சாயம் கரைந்து தண்ணீர் கலர் கலராக ஓடியது. நான் ஒருத்தியாக அவற்றைப் பொறுக்கினேன். கொடி என்பதால் சேற்றோடு வாரிப் போட மனசு வரவில்லை, ஒவ்வொன்றாக எடுத்து உதறி வைத்தேன். மெதுவாக. கடைக்காரர்கள் திட்டினார்கள். அடுத்த மழைக்கு எல்லா லோங்காங்கும் அடைத்துக்கொண்டு தண்ணீர் கடைக்குள் ஏறியது. பிறகு குத்தகைக்காரன் ஒருவனைப் பிடித்து வெளியாட்களை விட்டுக் கழுவினார்கள். அதற்குக் காசு எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் கட்டினார்கள், அது உண்மை. என் கடைசிப் பிள்ளை அங்கேதான் படித்தது. அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு வாளிச் சத்தம் கேட்கும்.

அக்காவின் அறையை விளக்குமாறு போட்டு வைக்கிற இடமாக ஆக்கினார்கள். காலையில் விளக்குமாறு எடுக்கப் போகும்போது மாட்டைப் பார்ப்பேன். சுண்ணாம்பை நிறுத்தியிருந்தார்கள் அல்லவா, அதனால் அது அழியவில்லை. அரசாங்கம் செய்த அத்தனை சிக்கனத்திலும் எங்களுக்கு ஆன ஒரே நல்லது அதுதான். மழைச் சாரலில் கொம்பு மங்கினால் கரியால் இழுத்துவிடுவேன். பழைய ஆள் யாராவது வந்து லயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால், வலிய போய், "யாரைத் தேடுறீங்க?" என்று கேட்பேன். தேங்காய் விற்க வந்தவர், வழி தவறியவர், ஒரு தடவை ஒரு பிச்சைக்காரர். அவருக்குச் சோறு போட்டு, பேச்சு வாக்கில் மாடு ஓட்டத் தெரியுமா என்று விசாரித்தேன். தெரியாது என்றார்.

இரண்டு தடவைதான் செங்குக்குப் போய் அக்காவைப் பார்த்தேன். இரண்டு தடவையும் முதலில் கேட்டது, "மாடு இருக்கா?" என்றுதான். மூன்றாவது வருசம் அவளுடைய அண்ணன் மகள் லயத்துக்கு வந்தாள். வந்து நின்றதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "பொட்டோடதான் போனாங்க" என்றாள்.

அதற்கு அடுத்த தீபாவளிக்கு முன்னால் லயத்துக்கு மறுபடியும் சுண்ணாம்பு வந்தது. நான் வேலைக்குப் போயிருந்தேன். மத்தியானச் சோற்றுக்குத் திரும்பி வந்து பார்த்தால் பத்து அறையும் பளிச்சென்று வெள்ளை. பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு ஓடின. விளக்குமாற்று அறைச் சுவரில் ஒன்றும் இல்லை.

அடுப்பில் இருந்து கரி எடுத்துக்கொண்டு வந்தேன். சுண்ணாம்பு அடித்த சுவரில் கரி நன்றாகப் பிடிக்கும். வண்டி போட்டேன், சக்கரம் போட்டேன். நாலு கால், வால். எனக்கும் பூனை மாதிரித்தான் வந்தது. தலை போட வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. செங் பக்கம் இனி அவள் இல்லை. இந்த வாசலிலும் இல்லை. அந்த மனுசன் இத்தனை வருசம் கழித்து வந்து நின்றால், மாடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

ரோட்டில் இருந்து மண்டோர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கரிக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனேன். மெதுவாகத்தான் போனேன்.